மைனஸுக்கு ஒரு இடம்

எங்கள் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட்டில் ஏறி, கீழே வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனால், கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் 255 என்று காட்டும். மற்றவர்கள் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். மைனஸ் அக்கா மட்டும் ஒவ்வொரு முறையும் தலையில் அடித்துக்கொள்வாள்.

"இதை எழுதின புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா, கூட்டிட்டு வந்து என் பக்கத்துல ஒரு வாரம் உட்கார வைப்பேன்."

உட்கார வைத்திருந்தால் அந்தப் புண்ணியவான் மதியச் சாப்பாட்டுக்குள் ஓடியிருப்பான். எனக்குத் தெரியும், அந்தப் பக்கத்து நாற்காலியில் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருப்பவள் நான்தான். அவள் எழுதுவதை நான் சோதிப்பேன். என் வாய் கொஞ்சம் நீளம் என்பதால் எனக்கு அவள் வைத்த பெயர் வாயாடி. அவளுக்கு மைனஸ் அக்கா என்று பெயர் வைத்தது யார் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் சொல்லப்போவதில்லை.

எங்கள் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் புழுக்கம். அங்கே உட்கார்ந்து ஆஸ்பத்திரிகளுக்குத் தராசு செய்கிறோம். பிறந்த குழந்தைகளை எடை போடும் தராசு. தட்டு, கம்பி, திரை எல்லாம் கீழ்த்தளத்தில் பூட்டுவார்கள். அந்தத் திரை என்ன காட்ட வேண்டும், எப்போது காட்ட வேண்டும் என்று உள்ளே எழுதிவைப்பது அக்காவின் வேலை.

யார் என்ன எழுதிக்கொண்டு வந்து காட்டினாலும் அவள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "மைனஸ்ல போனா என்ன பண்ணுவே?" புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் ஒருவன், "போகாதுக்கா" என்று சொல்லிவிட்டான். அன்று முழுக்க அவனுக்கு அர்ச்சனை.

விஷயம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. கணினிக்குள் ஓர் எண்ணை வைப்பதற்கு அளவெடுத்த பெட்டிகள்தான் உண்டு. சின்னப் பெட்டியில் எட்டு சுவிட்ச், அடுத்ததில் பதினாறு, அதற்கடுத்ததில் முப்பத்திரண்டு. அதில் ஒரு சுவிட்சை மைனஸ் குறிக்கென்று ஒதுக்கினால் அது குறியுள்ள எண். பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும், ஆனால் மேலே போகிற உயரம் பாதியாகிவிடும். ஒதுக்காவிட்டால் குறியில்லாத எண். உயரம் முழுசாகக் கிடைக்கும், ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே அதற்கு உலகமே கிடையாது. பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்தால், கீழே இறங்க வழி தெரியாமல் உச்சாணிக் கொம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் லிஃப்ட் 255-வது மாடிக்குப் போவது அப்படித்தான்.

எந்த எண்ணுக்கு எந்தப் பெட்டி என்பதைத் தராசு ஓடத் தொடங்கிய பிறகு மாற்ற முடியாது. நாம் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித்தருகிற கம்பைலர் என்று ஒன்று இருக்கிறது. அதன் கையில் கொடுக்கும்போதே எல்லாம் முடிவாகிவிட வேண்டும். குறியில்லாததைக் குறியுள்ளதாக மாற்றுவதென்றாலும் அங்கேயே மாற்ற வேண்டும், மாற்றினால் இடம் போதுமா என்றும் அங்கேயே கேட்க வேண்டும். அக்கா சொல்வாள், "கம்பைலர் சம்பந்தி மாதிரி. கல்யாணத்துக்கு முன்னாடிதான் நோண்டி நோண்டிக் கேக்கும். பொண்ணைக் கூட்டிட்டுப் போனப்புறம் வாயே திறக்காது. கேக்க வேண்டியதையெல்லாம் அதை விட்டு முன்னாடியே கேக்க வச்சிடணும்." தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை அவளுக்கு ஆகவே ஆகாது.

வாழ்க்கையிலும் அப்படித்தான். அம்மா போனபோது அவளுக்குக் கல்லூரி வயது, தங்கச்சிக்குப் பால் பல் விழுகிற வயது. அப்பா வெளியூர் வெளியூராக லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். தங்கச்சிக்குத் தலை பின்னி, பாடம் சொல்லி, பள்ளிக்கூடத்தில் யாராவது கிள்ளினால் போய்ச் சண்டை போட்டு, வளர்த்தது எல்லாம் அக்காதான். சுற்றுலாவுக்குப் போகும் தங்கச்சியின் பையில் மாற்றுத்துணி, மாத்திரை, ஊசி நூல், மெழுகுவத்தி எல்லாம் இருக்குமாம். "பகல் சுற்றுலாக்கா அது! மெழுகுவத்தி எதுக்கு?" என்று தங்கச்சி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அக்காவின் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். இரண்டு பேருக்கும் குழந்தை இல்லை. அதைப் பற்றி நான் கேட்டதில்லை. எவ்வளவோ கேட்கிற வாய், அதை மட்டும் கேட்டதில்லை. ஏதாவது யோசனையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "என்னக்கா?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பாள். காய்ச்சலோடு வந்தாலும் ஒண்ணுமில்ல, மேனேஜர் கத்திவிட்டுப் போனாலும் ஒண்ணுமில்ல. எனக்குச் சில சமயம் பற்றிக்கொண்டு வரும். மனுஷி என்றால் நாலு வார்த்தை புலம்ப வேண்டாமா?

இப்படிப்பட்ட அக்கா எழுதியதில், ஒரே ஓர் இடத்தில் மட்டும் மைனஸுக்கு இடமே கிடையாது.

மாதம் முடியாமல் பிறந்த குழந்தைகளுக்கு முதலில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் கொடுப்பார்கள். கொஞ்சம் தேறியதும் அம்மாவிடமே குடிக்க விடுவார்கள். எவ்வளவு குடித்தது என்று எப்படித் தெரியும்? குடிக்கும் முன் ஒரு எடை, குடித்த பின் ஒரு எடை. பின்னதில் முன்னதைக் கழித்தால் பால். போதாததைக் குழாயில் கொடுப்பார்கள். எங்கள் தராசில் அதற்கென்றே இரண்டு பொத்தான் உண்டு. முன், பின். கழித்த விடையைத் திரையே காட்டிவிடும். அந்த விடைக்கு அக்கா கொடுத்திருந்தது குறியில்லாத பெட்டி. உச்சாணிக் கொம்பில் ஏறிவிடாமல் இருக்க, பின் எடை குறைவாக இருந்தால் பூஜ்யம் காட்டு என்று ஒரு வரியும் எழுதியிருந்தாள்.

"இங்க மட்டும் ஏன்க்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அம்மாக்காரி பார்ப்பா. அந்த நேரத்துல அவ கண்ணுல மைனஸ் பட வேண்டாம்."

நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். மேனேஜருக்கும் அது பிடித்துப்போய், 'அம்மாக்களைப் பயமுறுத்தாத தராசு' என்று விளம்பரத்திலேயே போட்டுவிட்டார்.

தங்கச்சிக்குக் கல்யாணமாகி, ஒரு தடவை கலைந்து, பிறகு தங்கிய குழந்தை மாதம் முடியாமலே பிறந்தது. பெண். உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம் போல இருந்தது. குட்டிம்மா என்று கூப்பிட்டோம். அக்கா காலையில் ஆஸ்பத்திரி, பகலில் அலுவலகம், சாயங்காலம் மறுபடி ஆஸ்பத்திரி என்று ஓடினாள். குளிர் தாங்காதே என்று கடை கடையாக ஏறி, மஞ்சள் நிறத்தில் கனமான துவாலை ஒன்று வாங்கிக் கொடுத்தாள். குட்டிம்மா குழாயை விட்டு அம்மாவிடம் குடிக்கத் தொடங்கிவிட்டாள், எட்டு கிராம், பத்து கிராம் என்று ஏறுகிறது என்று அக்கா சொன்ன அன்று, அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் செலவில் டீ.

அதற்கப்புறம் டீ இல்லை. முகமும் வாடிப்போனது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல."

விடாமல் குடைந்ததில் கொஞ்சம் வந்தது. குட்டிம்மா திடீரென்று குடிப்பதையே நிறுத்திவிட்டாளாம். ஒவ்வொரு தடவையும் பூஜ்யம். குழாயில் முழுப் பாலும் கொடுக்கிறார்கள், அதையும் கக்குகிறாள். வயிற்றில் ஏதோ கோளாறு என்று டாக்டர் சந்தேகப்படுகிறார். வாய் வழியாகக் கொடுப்பதையே நிறுத்திவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்கிறார். குழாயும் ஊசியும் மறுபடி முதலிலிருந்து. அந்தச் சின்ன உடம்பு அந்தப் பயணத்தைத் தாங்குமா என்பதை அக்கா வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது.

சனிக்கிழமை மதியம் நானும் கூடப் போனேன். அனுப்புவதா வேண்டாமா என்று டாக்டர் அன்று சாயங்காலம் சொல்வதாக இருந்தது.

கையைக் கழுவி, மேலங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். நீளமான அறை, வெதுவெதுப்பு, வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் தங்கச்சி. குட்டிம்மாவை நெஞ்சோடு சேர்த்து அணைத்து, மேலே தன் சால்வையைப் போர்த்திக்கொண்டிருந்தாள். குழந்தையின் தோல் அம்மாவின் தோலில் பட வேண்டும் என்று சில நாள் முன்புதான் நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். எங்களைப் பார்த்ததும் அழுகையை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"என் உடம்பு எதுக்குமே லாயக்கில்லக்கா. முதல் தடவை தங்கல. இப்போ பெத்த பிள்ளைக்குப் பால்கூட இல்ல."

"வாயை மூடு. பைத்தியக்காரி மாதிரி பேசாத" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே அவள் கண்ணைத் தன் மேலங்கியின் கையால் துடைத்துவிட்டாள்.

நர்ஸ் வேகமாக வந்தார்கள். நடு வயது, களைத்த கண், ஆனால் கை பூப்போல. சால்வைக்குள்ளிருந்து குட்டிம்மாவை எடுத்துத் தராசில் கிடத்தி, 'பின்' பொத்தானை அழுத்தினார்கள். எங்கள் தராசு. வீட்டுப் பிள்ளையை வெளியூரில் பார்ப்பது போல எனக்கு ஒரு கணம் பெருமைகூட வந்தது. திரையில் பூஜ்யம் எரிந்தது.

"இன்னிக்கும் குடிக்கலம்மா" என்று நர்ஸ் மெதுவாகச் சொன்னார்கள். தங்கச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போது குட்டிம்மாவுக்கு ஒரு விக்கல் வந்தது. உதட்டோரம் கொஞ்சம் பால் வழிந்தது.

"பார்த்தீங்களா, இதான். ரெண்டு மணி நேரம் முன்னாடி குழாயில போனது செரிக்கவே இல்ல. அதனாலதான் டாக்டர் யோசிக்கிறார்."

அக்கா குனிந்தாள். விரலால் அந்தப் பாலைத் தொட்டாள். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சிஸ்டர், ரெண்டு மணி நேரம் வயித்துல இருந்தா திரிஞ்சிருக்க வேண்டாமா? இது இப்போ குடிச்ச பால்."

"மெஷின் பூஜ்யம்னு காட்டுதேம்மா."

"மெஷின் கிடக்குது" என்றாள் அக்கா. தன் வாழ்நாளில் முதல் தடவையாக அப்படிச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

அவள் பார்வை தராசிலிருந்து தங்கச்சிக்குப் போனது. தங்கச்சியின் மடியில் மஞ்சள் துவாலை சுருண்டு கிடந்தது.

"சின்னவளே, முன் எடை போடும்போது இந்தத் துவாலை குழந்தை மேல இருந்துதா?"

"இருந்துது. சுத்திதானே எடுத்துட்டு வருவாங்க. குடிக்கும்போது நான் எடுத்துடுவேன். தோல் படணும்னு சொன்னாங்கல்ல..."

"அப்புறம்?"

"அப்புறம் என் மடியிலதான் இருக்கும். ஏன்க்கா?"

அக்கா துவாலையை எடுத்துக் குழந்தையின் காலடியில், தட்டின் மேல் வைத்தாள். திரை ஒரு கணம் தடுமாறிவிட்டு நின்றது.

22.

நர்ஸ் துவாலையை எடுத்தார்கள், பூஜ்யம். வைத்தார்கள், இருபத்திரண்டு. மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். பிறகு பக்கத்து ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

"வயிறு நிறையக் குடிச்ச பிள்ளைக்கு மேல மேல ஊத்தியிருக்கோம்மா. கக்காம என்ன பண்ணும்?"

"குடிச்சாளா?" என்று தங்கச்சி கேட்டாள். "அக்கா, குடிச்சாளா?"

"குடிச்சிருக்காடி. ஒவ்வொரு தடவையும் குடிச்சிருக்கா."

தங்கச்சி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். நர்ஸ் எழுந்து டாக்டரைத் தேடி ஓடியே போனார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. அக்கா மட்டும் அழவில்லை. ஒரு கையைக் குழந்தை விழுந்துவிடாமல் தட்டின் ஓரம் வைத்துக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்து துவாலையை வைத்தும் எடுத்தும் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிப் பேச்சு அத்தோடு நின்றது. அடுத்த வேளைக் குழாய்ப் பாலும் வேண்டாம் என்றார்.

வெளியே நடைபாதையில் வந்ததும் அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அந்தப் பூஜ்யம் நான் வச்சதுடி."

"துவாலையை மறந்தது அவங்க. நீங்க எதுக்குத் தலையில தூக்கிப் போட்டுக்கறீங்க?"

"மறப்பாங்க. இத்தனை பிள்ளைங்களைப் பார்க்கறவங்க மறக்கத்தான் செய்வாங்க. மறப்பாங்கன்னுதானே மெஷின். துவாலை நூத்தெண்பது கிராம், குடிச்சது இருபத்திரண்டு. கழிச்சு மைனஸ் நூத்தம்பத்தெட்டுன்னு காட்டியிருந்தா முதல் நாளே கண்டுபிடிச்சிருப்பாங்க. எந்தப் பிள்ளைக்கும் ஒரே மூச்சில அவ்வளவு எடை குறையாது. எதையோ எடுத்துட்டோம்னு தெரிஞ்சிருக்கும். நான் வாயைப் பொத்திட்டேன்."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அந்த நேரத்தில் பழமொழி சொன்னால் அறை வாங்கியிருப்பேன், சொல்லவில்லை.

"ஏன்க்கா அங்க மட்டும் வேண்டாம்னு வச்சீங்க? நிஜமா சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல" என்றாள்.

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் பச்சை விளக்கு. அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை இருக்கிறது. எழுதியதைக் கம்பைலர் ஏற்றுக்கொண்டால் பச்சை, மறுத்தால் சிவப்பு. காலையில் வந்ததும் அவர் அதைத்தான் பார்ப்பார், எங்களை அப்புறம்தான் பார்ப்பார். கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். திங்கட்கிழமை அவர் அறையில் போய் அக்கா நடந்ததை நடந்தபடி சொன்னாள். எல்லா ஆஸ்பத்திரிக்கும் இன்றைக்கே கூப்பிட்டு, பூஜ்யத்தை நம்பாதீர்கள், முன்னே இருந்தது எல்லாம் பின்னேயும் தட்டில் இருக்கிறதா பாருங்கள் என்று சொல்லியாக வேண்டும். தராசிலும் மைனஸைத் திருப்பி வைக்க வேண்டும்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சொல்லிடுவோம். அதுல மறுபேச்சே இல்ல. ஆனா மைனஸ் வேணுமாம்மா? பிறந்த பிள்ளை மேல மைனஸ்னு பார்த்தா அந்தப் பொண்ணுங்க அழுதுடுவாங்களே. நீதானே முதல்ல சொன்ன?"

"நான்தான் சொன்னேன். தப்பு. அழட்டும் சார். அழுதா யாராவது பக்கத்துல வந்து ஏன்னு கேப்பாங்க. பூஜ்யத்தைப் பார்த்து யாரும் வந்து கேக்கல."

அவர் தொலைபேசியை எடுத்தார். முதல் ஆஸ்பத்திரிக்கு அவரே பேசினார்.

அன்று மதியம் அக்கா எழுத உட்கார்ந்தாள். பூஜ்யம் காட்டும் வரியை அழித்தாள். கழித்த விடைக்கு, எடை எந்தப் பெட்டியில் இருக்கிறதோ அதன் குறியுள்ள ஜோடியைக் கம்பைலரே பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரே வரி எழுதினாள். அளவு அதேதான், ஒரு சுவிட்ச் மட்டும் மைனஸுக்கு. கம்பைலரிடம் கொடுத்தாள்.

சுவர்த் திரை சிவந்துவிட்டது. சிவப்பின் நடுவே பெரிய எழுத்தில் ஒரு வாசகம்:

'மைனஸுக்கு இடம் வைக்கிறாய், சந்தோஷம். மேலே இடம் போதாது. அவசரப்படாதே, போய்த் தண்ணி குடி.'

அறையே சிரித்தது. பல வருஷம் முன்பு, யாராவது அவசரத்தில் பெட்டியை மாற்றினால் தடுக்கட்டும் என்று அவளே எழுதிவைத்த காவல் அது. இந்தச் சோதனையும் தராசு ஓடும்போது நடப்பதில்லை. எழுதும் இடத்திலேயே பிடித்துவிடும். எங்கள் தராசு இருபது கிலோ வரை, அரை அரை கிராமாக எண்ணுகிறது. அப்படியென்றால் நாற்பதாயிரம். எடைக்குக் கொடுத்திருந்தது பதினாறு சுவிட்ச் பெட்டி. பதினாறும் எண்ணுக்கே என்றால் தாராளமாகக் கொள்ளும். ஒன்றை மைனஸுக்குக் கொடுத்துவிட்டால் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தோடு சரி.

"பிறத்தியாருக்கு வச்ச கண்ணியில தானே மாட்டிக்கிட்டீங்க" என்றேன்.

"கேக்கட்டும். இப்போ கேட்டாதான் உண்டு" என்றாள். எழுந்து போனாள், நிஜமாகவே தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து, எடையை முதலில் முப்பத்திரண்டு சுவிட்ச் உள்ள பெரிய பெட்டிக்கு மாற்றி, அதன் குறியுள்ள ஜோடியை எடுத்து, அதற்கப்புறம்தான் கழிக்க வேண்டும் என்று எழுதினாள். பச்சை. மேனேஜர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பெருமூச்சு விடுவது தெரிந்தது.

சோதிப்பது என் முறை. குழந்தைக்குப் பதிலாக எங்களிடம் ஒரு மண் மூட்டை உண்டு. கெட்டித் துணியில் மணலை நிரப்பித் தைத்தது. மண்ணு பாப்பா என்று பெயர். அக்கா வாங்கிய கடையிலேயே போய் அதே மஞ்சள் துவாலை ஒன்று வாங்கி வந்திருந்தேன். மண்ணு பாப்பாவைத் துவாலையில் சுற்றிக் கிடத்தினேன். முன் பொத்தான். இருபத்திரண்டு கிராமுக்கு ஒரு சின்ன எடைக்கல்லைப் பக்கத்தில் வைத்தேன், அதுதான் பால். துவாலையை உருவினேன். பின் பொத்தான்.

−158.

எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன திரையில், அந்த இடத்தில் அதைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் முறை. பெருமையாகத் திரும்பினேன். அக்கா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் சரியில்லை.

"என்னக்கா?"

ஒண்ணுமில்ல என்று வரப்போகிறது என்று பாதி திரும்பிவிட்டேன். வரவில்லை.

"எனக்கு ஒரு பையன் இருந்தான், வாயாடி."

கையிலிருந்த துவாலையை மேசையில் வைத்தேன்.

"நீ இங்க சேர்றதுக்கு முன்னாடி. குட்டிம்மா மாதிரிதான், அவசரப்பட்டு வந்துட்டான். தினமும் காலையில எடை போட்டு, பெட்டி மேல சின்னச் சீட்டு ஒண்ணு ஒட்டுவாங்க. மைனஸ் இருபது. மைனஸ் முப்பது. ஒரு நாளாவது அந்தக் கோடு இல்லாம இருக்காதான்னு பார்ப்பேன். கடைசிச் சீட்டு வரைக்கும் இருந்தது. அதுக்கப்புறம் எங்க பார்த்தாலும் அந்தக் கோடுதான் முதல்ல கண்ணுல படுது. வேற எந்த அம்மாவும் அதைப் பார்க்க வேண்டாம்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

நாங்கள் கிண்டலுக்கு வைத்த பெயர் அப்போது என் நெஞ்சில் வந்து குத்தியது. இத்தனை வருஷம், வாய் நிறையக் கூப்பிட்டிருக்கிறேன்.

"யாருமே வந்து உங்ககிட்ட கேக்கலியாக்கா?"

"கேக்காம என்ன? எல்லாரும் கேட்டாங்க. நான்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன். என்னுடையதையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். கீழே டயர் கடையில் யாரோ காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றது. பிறகு, அவனுக்குப் பெயர் வைத்தீர்களா என்று கேட்டேன். வைத்திருந்தாள். சொன்னாள். பிறந்தபோது அவன் தலை நிறைய முடி இருந்ததாம். அவள் சுண்டுவிரலைப் பிடித்தால் விடமாட்டானாம். வீட்டுக்காரருக்கு அவன் பேச்சை எடுத்தால் தாங்காது, அதனால் வீட்டில் பேசியதில்லையாம். பேசப் பேச அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். நானும் அழுதேன். மேனேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர், சத்தமில்லாமல் மூடிக்கொண்டார்.

தராசில் அந்தக் கோடு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவள் கண்ணில் படுகிறதே என்று, துவாலையை எடுத்து மறுபடி தட்டில் வைக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"இருக்கட்டும் விடு" என்றாள்.